எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு மறுபடி சாப்பிடக் கற்றுக்கொள்வது எப்படி: முதல் மடக்கிலிருந்து முழுச் சாப்பாடு வரை

ஆபரேஷன் முடிந்த அன்று மாலை நர்ஸ் என் கையில் ஒரு சின்ன மருந்துக் குவளையைக் கொடுத்தார். உள்ளே 30 மி.லி. தண்ணீர். "இதைக் கால் மணி நேரம் வைத்திருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடிங்க" என்றார். நாக்கு வறண்டு கிடந்ததால் பாதியை ஒரே மடக்கில் விழுங்கிவிட்டேன். நெஞ்செலும்புக்குச் சற்றுக் கீழே யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது போல ஓர் இறுக்கம், வாயெல்லாம் எச்சில், கண்ணில் நீர். இரண்டு நிமிடத்தில் அடங்கிவிட்டது. புது இரைப்பை "போதும்" என்று சொல்லும் விதமே அதுதான் என்று புரிய எனக்குப் பல வாரங்கள் ஆயின.

நான் செய்துகொண்டது இரைப்பை பைபாஸ், 4 வருடம் ஆகிறது. தையல் ஆறுவதும் வலி போவதும் சில வாரத்தில் நடந்துவிடும், அதற்கு மருத்துவமனையே துணை நிற்கும். பழைய வயிற்றுக்குப் பழகிய கையும் வாயும் கண்ணும் புது வயிற்றுக்குப் பழகுவதுதான் நீண்ட வேலை, அதை வீட்டில் நாமேதான் செய்ய வேண்டும். கீழே இருப்பதை அது நடக்கும் வரிசையில் எழுதியிருக்கிறேன். உங்கள் சர்ஜனும் டயட்டீஷியனும் கொடுத்த தாளில் வேறு மாதிரி இருந்தால் அந்தத் தாளைப் பின்பற்றுங்கள், ஏனென்றால் உங்கள் வயிற்றுக்குள் என்ன செய்தார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

முதலில், உள்ளே என்ன மாறியிருக்கிறது

இதைத் தெரிந்துகொள்ளாமல் விதிகளை மட்டும் மனப்பாடம் செய்தால் மூன்றாவது மாதத்தில் ஒவ்வொன்றாக நழுவிப்போகும்.

இந்த ஆபரேஷனில் ஸ்லீவ், பைபாஸ் என்ற இரண்டு வகைகளைப் பற்றிச் சொல்கிறேன். ஸ்லீவ் என்றால் இரைப்பையின் வெளிப்பக்க வளைவோடு ஏறத்தாழ 75 முதல் 80 சதவீதத்தை வெட்டி எடுத்துவிடுவார்கள். மிச்சம் இருப்பது வாழைப்பழம் போன்ற ஒரு குழாய், ஆரம்பத்தில் 100 முதல் 150 மி.லி. வரைதான் கொள்ளும். போன பகுதியில்தான் கிரெலின் என்ற பசி ஹார்மோன் அதிகம் சுரக்கிறது. அதனால்தான் முதல் மாதங்களில் பசியே எடுப்பதில்லை என்று பலரும் சொல்கிறார்கள்.

பைபாஸில் எதையும் வெட்டி வெளியே எடுப்பதில்லை. இரைப்பையின் மேல் நுனியில் ஏறத்தாழ 30 மி.லி. கொள்ளும் ஒரு சின்னப் பையைத் தனியாகப் பிரித்து, சிறுகுடலைக் கீழே ஓர் இடத்தில் வெட்டி மேலே கொண்டுவந்து அதோடு இணைக்கிறார்கள். மீதி இரைப்பையையும் சிறுகுடலின் முதல் பகுதியையும் சாப்பாடு தொடுவதே இல்லை. இரும்புச்சத்தும் கால்சியமும் அதிகம் உறிஞ்சப்படும் இடம் அந்த முதல் பகுதிதான். அதோடு, சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்குள் விடுகிற இரைப்பையின் அடிவாசலும் வழியில் இல்லை. பின்னால் வரப்போகும் சர்க்கரைப் பிரச்சினைக்கும் வாழ்நாள் மாத்திரைக்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது.

முதல் வாரம்: நடை, மடக்கு, கவனம்

சாப்பாட்டைப் பற்றி இந்த வாரம் நினைக்கவே வேண்டாம். வேலை இரண்டுதான். ஒன்று நடப்பது. ஆபரேஷன் ஆன அன்றோ மறுநாளோ எழுந்து நடக்கச் சொல்வார்கள், வலிக்கிறது என்று படுத்துவிடாதீர்கள், காலில் ரத்தம் உறையாமல் தடுப்பது அந்த நடைதான். வீட்டுக்கு வந்த பிறகும் ஒன்று இரண்டு மணிக்கொரு முறை ஐந்து நிமிடமாவது நடங்கள். மூச்சை இழுத்து உருண்டையை மேலே தூக்கும் கருவியைக் கொடுத்திருந்தால் அதையும் விடாமல் செய்யுங்கள், நுரையீரலின் அடிப்பகுதி விரிந்து சளி தங்காமல் இருக்கும். ஆபரேஷனின்போது வயிற்றை ஊத வைத்த வாயுவால் தோளில் வலி வருவது சாதாரணம், நடக்க நடக்கக் குறைந்துவிடும். 4 முதல் 6 வாரம் வரை கனமான எதையும் தூக்க வேண்டாம், தண்ணீர்க் குடமானாலும் குழந்தையானாலும்.

இரண்டாவது வேலை தண்ணீர். கால் மணிக்கு 30 மி.லி. என்றால் ஒரு மணிக்கு 120 மி.லி. விழித்திருக்கும் 12, 13 மணி நேரமும் இதை விடாமல் செய்தால்தான் நாளைக்கு ஒன்றரை லிட்டர் வரும். கணக்குப் போட்டுப் பார்த்தால் இது ஒரு முழுநேர வேலை என்று தெரியும். ஒரு மணி நேரம் மறந்துவிட்டால் அடுத்த மணி நேரத்தில் சேர்த்துக் குடித்து ஈடுகட்ட முடியாது, உள்ளே இடம் இல்லை. நான் போனில் 15 நிமிட மணி வைத்திருந்தேன், முதல் பத்து நாள் அந்த மணிதான் என் நாளை நடத்தியது. சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தாலோ எழுந்து நிற்கும்போது தலை சுற்றினாலோ தண்ணீர் போதவில்லை. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு பலர் மறுபடி மருத்துவமனைக்குப் போவது நீர்ச்சத்துக் குறைந்துதான். ஸ்ட்ரா வேண்டாம், காற்றும் சேர்ந்து உள்ளே போகும். சோடா வகைகளும் வேண்டாம்.

சரி, எப்போது உடனே போன் செய்ய வேண்டும்? காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி 120-க்கு மேல் ஓடினால், வயிற்று வலி குறையாமல் கூடிக்கொண்டே போனால், தண்ணீர்கூட உள்ளே தங்காவிட்டால், மூச்சு வாங்கினால், ஒரு காலின் கெண்டை மட்டும் வீங்கி வலித்தால், மலம் தார் போலக் கறுத்துப் போனால். இரைப்பை தைத்த இடத்தில் கசிவு வந்தால் சில சமயம் வலியைவிட முதலில் வேகமான நாடியும் "ஏதோ சரியில்லை" என்ற பதற்றமும்தான் தெரியும். இரவு இரண்டு மணியானாலும் யோசிக்காதீர்கள். தொந்தரவு செய்கிறோமோ என்ற கூச்சத்தில் விடியும் வரை காத்திருப்பது உயிருக்கே ஆபத்து.

முதல் இரண்டு வாரம்: எல்லாம் நீர்

முதல் ஓரிரு நாள் தெளிந்த நீர் ஆகாரம், அதாவது தண்ணீர், வடிகட்டிய சூப், சர்க்கரை இல்லாத பானம். அப்புறம் பால், நீர்மோர் பதத்தில் தயிர், நன்றாக வடிகட்டிய கெட்டியான சூப், புரதப் பவுடர் கரைத்தது. பொதுவாக இரண்டாவது வாரம் முடியும் வரை இப்படித்தான்.

இங்கே புரதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நாளைக்குக் குறைந்தது 60 கிராம் என்பது பொதுவான இலக்கு, உயரத்தையும் உடல்வாகையும் பொறுத்து உங்கள் டயட்டீஷியன் இன்னும் கூட்டிச் சொல்லலாம். ஒரு முட்டையில் 6 கிராம், 200 மி.லி. பாலில் 6, 7 கிராம். 60 கிராமைப் பாலில் மட்டும் எடுக்க வேண்டுமென்றால் கிட்டத்தட்ட இரண்டு லிட்டர் ஆகிவிடும், தண்ணீருக்கே இடமில்லாத வயிற்றில் அது நடக்காது. அதனால்தான் பவுடர். ஆனால் ஆபரேஷனுக்கு முன்பே பத்து டப்பா வாங்கி அடுக்கிவிடாதீர்கள். ஆபரேஷனுக்குப் பிறகு பலருக்கு ருசி தலைகீழாக மாறுகிறது, முன்பு பிடித்த இனிப்பு இப்போது திகட்டும், சிலருக்கு வாசனையே குமட்டும். சின்னப் பொட்டலங்களாக இரண்டு மூன்று ருசியில் வாங்கி வைத்துப் பாருங்கள். பால் குடித்தால் வயிறு உப்பி வயிற்றுப்போக்கு வருகிறதா? பால் சர்க்கரையான லாக்டோஸை ஜீரணிக்கும் சக்தி குறைந்திருக்கலாம். லாக்டோஸ் இல்லாத பாலையோ சோயா புரதத்தையோ முயலலாம்.

முதல் வாரத்தில் 60 கிராமை எட்டவில்லை என்று பதற வேண்டாம், முதலில் தண்ணீர், அடுத்து புரதம், மற்றதெல்லாம் அப்புறம்.

மூன்று, நான்காம் வாரம்: மசியல்

இப்போது கட்டியே இல்லாமல், குழந்தைக்கு ஊட்டும் பதத்தில். வேகவைத்து அரைத்த பருப்பு, கெட்டித் தயிர், மசித்த முட்டை, மீனையோ கோழியையோ சூப் விட்டு மிக்ஸியில் அரைத்தது, மசித்த காய். ஒரு வேளைக்கு இரண்டு முதல் நான்கு மேசைக்கரண்டி போதும். நாளைக்கு ஐந்து ஆறு வேளையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

புதிதாக எதைச் சேர்த்தாலும் ஒரு நேரத்துக்கு ஒன்றே ஒன்று. மூன்றைச் சேர்த்துச் சாப்பிட்டு வாந்தி வந்தால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்கவே முடியாது. இன்று ஒத்துக்கொள்ளாதது இரண்டு வாரம் கழித்து ஒத்துக்கொள்ளும் என்பதால் எதையும் நிரந்தரமாக ஒதுக்கிவிடவும் வேண்டாம். எனக்கு முட்டை முதல் முறை ஆகவே இல்லை, இரண்டு மாதம் கழித்துச் சாப்பிட்டேன், ஒன்றும் ஆகவில்லை.

சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது என்ற விதி இங்கிருந்து தொடங்குகிறது. சாப்பிடுவதற்குக் கால் மணி நேரம் முன்பே நிறுத்திவிட்டு, சாப்பிட்டு முடித்து அரை மணி நேரம் கழித்துத்தான் மறுபடி குடிக்க வேண்டும். சின்னப் பைக்குள் இரண்டுக்கும் சேர்த்து இடம் கிடையாது என்பது ஒரு காரணம். இன்னொன்று, தண்ணீர் சேர்ந்தால் சாப்பாடு இளகி வேகமாகக் கீழே போய்விடும், வயிறு நிறைந்த உணர்வு நிற்காது. இந்த ஒரு பழக்கம்தான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. சாப்பாட்டு மேசையிலிருந்து தண்ணீர்ப் பாத்திரத்தையே எடுத்து வேறு அறையில் வைத்தபின்தான் கை தேடுவதை நிறுத்தியது.

ஐந்து முதல் எட்டாவது வாரம்: மென்மையானது, பிறகு கெட்டியானது

முள்கரண்டியால் அழுத்தினால் உடைய வேண்டும், அதுதான் மென்மைக்குச் சோதனை. நன்றாக வெந்த மீன், மென்மையான முட்டை, குழைய வெந்த பயறு வகைகள், தோல் நீக்கி வேகவைத்த காய், கனிந்த பழம். ஆறு முதல் எட்டு வாரத்துக்குப் பிறகு மெதுவாகச் சாதாரணச் சாப்பாடு.

முதலில் சிக்கல் தருபவை பெரும்பாலும் எல்லோருக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும். உலர்ந்த கோழி நெஞ்சுக்கறி, நாரான இறைச்சி, மெத்தென்ற புது பிரட் (உள்ளே போய் மாவு உருண்டையாகிவிடும்), சோறு, நார் அதிகமான காய்கள், ஆரஞ்சுச் சுளையின் தோல். கோழியை எப்போதும் குழம்பிலோ சூப்பிலோ ஈரமாகச் சமைத்துச் சாப்பிடுங்கள். நேற்று சமைத்ததை மறுபடி சூடாக்கினால் இறைச்சி இன்னும் இறுகும், முதல் மாதங்களில் அதைத் தவிர்த்துவிடுவது நல்லது.

தட்டில் வரிசை முக்கியம். முதலில் புரதம், அடுத்து காய், இடம் இருந்தால் மட்டும் சோறு, பிரட் போன்றவை. சின்னத் தட்டு, சின்னக் கரண்டி, பட்டாணி அளவுக்கு ஒரு வாய். "நொறுங்கத் தின்றால் நூறு வயது" என்று சிறு வயதில் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள், இந்த ஆபரேஷனுக்குப் பிறகுதான் அதற்கு முழு அர்த்தம் தெரிந்தது. 20, 30 முறை மெல்லுங்கள், வாயிலேயே கூழாக வேண்டும், அப்புறம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் இருங்கள். ஒரு வேளைச் சாப்பாடு 20 முதல் 30 நிமிடம் ஆகலாம். அதற்கு மேல் போனால், அது சாப்பாடாக இல்லாமல் கொறிப்பாக மாறுகிறது என்று அர்த்தம்.

"போதும்" என்ற சொல் இப்போது வேறு மாதிரி கேட்கும்

நான் இந்த வழிகாட்டியை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான். பழைய வயிறு முட்ட முட்டச் சாப்பிட்டால்தான் நிறைந்தது என்று சொல்லும், பெல்ட் இறுகும், கண் சொக்கும். புது வயிறு அப்படிச் சொல்லாது. அதன் அடையாளங்கள் சின்னவை, முதலில் சம்பந்தமே இல்லாதவை போலத் தோன்றும். திடீரென ஒரு விக்கல். மூக்கில் நீர் வடிதல். ஒரு தும்மல். நம்மை அறியாமல் ஒரு பெருமூச்சு. நெஞ்செலும்புக்குக் கீழே அந்தக் கட்டைவிரல் அழுத்தம். ஒவ்வொருவருக்கும் ஒன்று இருக்கும், எனக்கு விக்கல். இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள்: என்ன சாப்பிட்டேன், எத்தனை கரண்டி, நிறுத்தும்போது உடம்பில் என்ன தெரிந்தது. உங்கள் அடையாளம் தானாகப் பிடிபடும்.

அது வந்த பிறகு இன்னும் ஒரே ஒரு வாய் சாப்பிட்டால் என்ன ஆகும்? ஏழாவது வாரத்தில் எனக்கு நடந்தது. நன்றாக வெந்த மீன், ருசியாகவும் இருந்தது, விக்கல் வந்தது, தட்டில் ஒரு சின்னத் துண்டுதான் மிச்சம், அதை வீணாக்குவானேன் என்று வாயில் போட்டேன். அரை நிமிடத்தில் நெஞ்சில் கல் வைத்தது போல வலி, நிற்கவும் முடியவில்லை உட்காரவும் முடியவில்லை, வாயில் நுரை நுரையாக எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது, கடைசியில் அந்த நுரையும் மீனுமாக வெளியே வந்தபின்தான் நிம்மதி. முழுதாக முக்கால் மணி நேரம். உணவுக்குழாயின் அடியில் சிக்கிக்கொண்ட துண்டைக் கரைக்க உடம்பு எச்சிலாகச் சுரக்கிறது, அதுதான் அந்த நுரை. இப்படி ஆனால் தண்ணீர் குடித்துத் தள்ளப் பார்க்காதீர்கள், அதற்கும் போக வழி இருக்காது. எழுந்து மெதுவாக நடங்கள், காத்திருங்கள். அன்றைக்கு மீதி வேளைகளுக்கு நீர் ஆகாரத்துக்கே திரும்பிவிடுங்கள், உள்ளே புண்பட்டிருக்கும்.

தட்டில் இருப்பதை மிச்சம் வைக்கக் கூடாது என்று வளர்ந்தவர்களுக்கு இது மனதை உறுத்தும். போடும்போதே குறைத்துப் போடுவதுதான் இதற்கு வழி.

எப்போதாவது ஒரு முறை சிக்கினால் அது பாடம். ஆனால் ஆபரேஷன் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில், நேற்று வரை இறங்கிய சாப்பாடு இன்று இறங்காமல், அப்புறம் கூழும் இறங்காமல், தண்ணீரும் தடுமாறுகிறது என்றால் இணைப்பு இடம் சுருங்கியிருக்கலாம். எண்டோஸ்கோப்பி வழியாகவே பெரும்பாலும் விரித்துவிடுவார்கள், தள்ளிப் போடாதீர்கள். நாள்கணக்கில் வாந்தி தொடர்ந்தால் இன்னொரு பெரிய ஆபத்தும் உண்டு. பி1 எனப்படும் தயமின் உடம்பில் சில வாரங்களுக்கு மட்டுமே இருப்பு இருக்கும். அது தீர்ந்தால் பார்வை இரட்டையாகத் தெரியும், நடை தள்ளாடும், குழப்பம் வரும், நரம்பு மண்டலத்துக்கு நிரந்தரப் பாதிப்பே ஆகலாம். வாந்தியோடு எந்த மருத்துவமனைக்குப் போனாலும் "எனக்கு எடைக் குறைப்பு ஆபரேஷன் ஆகியிருக்கிறது, குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் கொடுங்கள்" என்று நீங்களோ கூட வந்தவரோ வாய்விட்டுச் சொல்லுங்கள்.

சர்க்கரை செய்யும் வேலை

டம்பிங் என்று டாக்டர்கள் சொல்வார்கள். பைபாஸ் செய்தவர்களுக்கு அதிகம், ஸ்லீவிலும் வரலாம். இனிப்பு நேராகச் சிறுகுடலுக்குள் கொட்டுகிறது, அதை நீர்க்க வைக்க ரத்தத்திலிருந்து நீர் குடலுக்குள் பாய்கிறது. சாப்பிட்ட 10 முதல் 30 நிமிடத்துக்குள் படபடப்பு, குப்பென்று வியர்வை, வயிற்றைச் சுருட்டும் வலி, வயிற்றுப்போக்கு, அப்புறம் எங்காவது படுத்தால் போதும் என்ற அசதி. இது முதல் வகை. பழச்சாறும் இதைச் செய்யும், ஐஸ்கிரீமும் செய்யும். வந்துவிட்டால் படுத்துக்கொள்ளுங்கள், தானாக அடங்கும்.

இரண்டாவது வகை சாப்பிட்டு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து வருவது. வேகமாக ஏறிய சர்க்கரைக்காக இன்சுலின் அதிகமாகச் சுரந்து, பிறகு ரத்தச் சர்க்கரை தாழ்ந்துவிடும். கை நடுக்கம், கிறுகிறுப்பு, தாங்க முடியாத பசி, சிலருக்கு மயக்கமே. இது பெரும்பாலும் ஒரு வருடம் தாண்டிய பிறகு தலைகாட்டும் என்பதால் ஆபரேஷனோடு யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. அந்த நேரத்தில் கொஞ்சம் சர்க்கரை எடுத்துத் தாழ்வைச் சரிசெய்து, உடனே கொஞ்சம் புரதமும் சாப்பிடுங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள். வண்டி ஓட்டுபவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ளவே கூடாது.

மாத்திரைகள்

எடை குறைந்து நன்றாக இருக்கிறோம் என்று இரண்டாவது வருடம் விட்டமின் மாத்திரைகளை நிறுத்துபவர்கள் நிறையப் பேர், என் மனதுக்குப் பெரிய கவலை அதுதான். பி12 விட்டமின் கல்லீரலில் பல மாதம், சில சமயம் வருடக்கணக்கில் இருப்பு இருக்கும். அதனால் நிறுத்தியவுடன் ஒன்றும் தெரியாது. கால் மரத்துப்போய், நினைவு மங்கி, ரத்தம் குறைந்து வரும்போது காலம் கடந்திருக்கும்.

பொதுவாகச் சொல்லும் பட்டியல்: முழுமையான மல்டிவிட்டமின், பி12 (நாக்கடி மாத்திரையாகவோ மாதம் ஒரு ஊசியாகவோ), விட்டமின் டி3, இரும்புச்சத்து, கால்சியம் நாளைக்கு 1200 முதல் 1500 மி.கி. கால்சியத்தை ஒரே நேரத்தில் போட்டால் உறிஞ்சாது, 500, 600 மி.கி.யாகப் பிரித்துப் போடுங்கள். சிட்ரேட் வகையாகப் பாருங்கள், கார்பனேட் கரைய அமிலம் வேண்டும், அந்த அமிலம் இப்போது நம்மிடம் குறைவு. கால்சியமும் இரும்பும் ஒன்றையொன்று தடுக்கும், குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். காலையில் இரும்பு, மதியமும் மாலையும் இரவும் கால்சியம் என்று வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. டீ, காபியோடு இரும்பு மாத்திரை வேண்டாம். மாதவிடாய் உள்ள பெண்களுக்கு இரும்பு இன்னும் அதிகம் தேவை, அளவைப் பரிசோதனை பார்த்து டாக்டர் சொல்லட்டும்.

ரத்தப் பரிசோதனை பொதுவாக 3, 6, 12-ஆம் மாதங்களில், அப்புறம் ஆயுள் முழுக்க வருடம் ஒரு முறை.

வழக்கமான மாத்திரைகளையும் மறுபடி பார்க்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்த மருந்துகளின் அளவை முதல் வாரங்களிலேயே குறைக்க வேண்டி வரும், பழைய அளவிலேயே தொடர்ந்தால் சர்க்கரையோ அழுத்தமோ ஆபத்தான அளவுக்குத் தாழும். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகள் பைபாஸுக்குப் பிறகு சரியாக வேலை செய்யாமல் போகலாம். ஐபுப்ரோஃபென், டைக்லோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைத் தவிர்த்துவிடுங்கள், பைபாஸ் ஆனவர்களுக்கு இணைப்பு இடத்தில் புண் வரும், அது ஓட்டையாகவும் மாறலாம். தலைவலிக்கு யாராவது ஒரு மாத்திரை நீட்டினால் பெயரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். பாராசிட்டமால் பொதுவாகப் பரவாயில்லை. இதயத்துக்காக ஆஸ்பிரின் போடுபவர்கள் தாங்களாக நிறுத்தாமல் டாக்டரைக் கேளுங்கள். சிகரெட்டும் அதே புண்ணைக் கொண்டுவரும்.

மூன்றாவது மாதத்தை ஒட்டி வரும் பயங்கள்

முடி கொட்டும். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் சீப்பு முழுக்க வரும். உடம்பு பெரிய அதிர்ச்சியைச் சந்தித்ததால் ஒரே நேரத்தில் நிறைய முடி ஓய்வு நிலைக்குப் போய் உதிர்கிறது, வேர் அப்படியே இருக்கும், பெரும்பாலானவர்களுக்குத் திரும்ப வளரும். புரதமும் இரும்பும் துத்தநாகமும் சரியாக இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

எடை நிற்கும். முதல் வாரங்களில் உடம்பில் சேமித்திருந்த சர்க்கரையும் அதோடு ஒட்டியிருந்த நீரும் போவதால் மளமளவென்று இறங்கும், மூன்றாவது வாரத்தை ஒட்டி அப்படியே நின்றுவிடும். ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று அழுதவர்களை எனக்குத் தெரியும், நானும் அழுதேன். இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி இறங்கும். வாரம் ஒரு முறைக்கு மேல் எடை பார்க்காதீர்கள்.

மலச்சிக்கல் பலருக்கும் வரும், தண்ணீரும் நடையும் போதாவிட்டால் மருந்து கேட்டு வாங்குங்கள். வலது விலாவுக்குக் கீழே, சாப்பிட்ட பிறகு வலித்தால் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம், வேகமாக எடை குறைந்தால் கல் உருவாகும். அதைத் தடுக்க ஆறு மாதத்துக்கு ஒரு வகை மாத்திரை கொடுப்பார்கள், கொடுத்திருந்தால் விடாதீர்கள். பைபாஸ் ஆனவர்களுக்கு எத்தனை வருடம் கழித்தும் திடீரென்று வயிற்றை முறுக்கும் கடும் வலி வந்தால், வந்து வந்து போனாலும், குடல் உள்ளே சிக்கியிருக்க வாய்ப்பு உண்டு. நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

வாய் நமநமக்கும்போது

பசி இல்லை, ஆனால் சாப்பிட வேண்டும் போல இருக்கிறது. வருத்தம் வந்தால் சாப்பிட்டோம், சந்தோஷம் வந்தால் சாப்பிட்டோம், சும்மா இருந்தாலும் சாப்பிட்டோம். வயிற்றைச் சுருக்கியாயிற்று, அந்த மனசு அப்படியேதான் இருக்கிறது. இரண்டாவது மாதம் ஓர் இரவு குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா நின்றேன், எதையும் எடுக்கவும் முடியவில்லை, மூடவும் மனம் வரவில்லை. நெருங்கிய ஒருவரை இழந்தது போலத்தான் இருந்தது. இது வரும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன், அதனால் சொல்கிறேன்: வரும், அது பலவீனம் இல்லை. ஒரு கேள்வி எனக்கு உதவியது. "இப்போது வேகவைத்த வெறும் முட்டையைக் கொடுத்தால் சாப்பிடுவேனா?" ஆம் என்றால் பசி, சாப்பிடுங்கள். இல்லை என்றால் வேண்டியது வேறு ஏதோ.

சாப்பாட்டின் இடத்தை வேறு ஏதாவது பிடிக்கப் பார்க்கும், மதுவைப் பற்றி மிகவும் எச்சரிக்கையாக இருங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு அது வேகமாக ரத்தத்தில் ஏறும், அதிக நேரம் நிற்கும், முன்பு பழக்கமே இல்லாதவர்கள்கூட அடிமையாகிறார்கள். மனம் மிகவும் தாழ்ந்து போனால், வாழ்வே வேண்டாம் என்று தோன்றினால், அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். எடை குறைந்தும் இப்படி ஆகிறதே என்ற வெட்கம் பலரை வாயடைக்க வைக்கிறது.

"இவ்வளவுதான் சாப்பிடுகிறாயா?" என்று கேட்பவர்களுக்கு ஆபரேஷன் கதையைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. "வயிறு நிறைந்துவிட்டது, ருசியாக இருந்தது" போதும். கூட வாழ்பவர்களிடம் மட்டும் முழுதாகச் சொல்லுங்கள், உங்கள் விக்கல் என்றால் என்ன என்பது உட்பட.

ஒரு வருடத்துக்குப் பிறகு

எடை அதிகம் குறைவது முதல் 12 முதல் 18 மாதத்தில்தான். அந்தக் காலத்தில் கருத்தரிப்பதைத் தள்ளி வைக்கச் சொல்வார்கள். எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு கூடுகிறது, பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரையின் பலனும் குறையலாம், ஆகவே வேறு முறையைப் பற்றி டாக்டரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பசி திரும்ப வரும். ஒரு வேளைக்கு ஒரு கப் அளவு வரை சாப்பிட முடியும். வயிறு விரிந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், இது எதிர்பார்த்ததுதான். கவனிக்க வேண்டியது வழுக்கிக்கொண்டு இறங்கும் உணவுகளை: பிஸ்கட், சிப்ஸ், ஐஸ்கிரீம், இனிப்புப் பானங்கள். இவை மெல்லாமலே கரைந்து போய்விடும், அந்தக் கட்டைவிரல் அழுத்தத்தை எழுப்பவே எழுப்பாது, ஒரு பொட்டலம் முழுக்கத் தீர்ந்தாலும் விக்கல் வராது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிப்பதும் அப்படித்தான். எடை திரும்ப ஏறுகிறவர்களில் பலருக்குத் தட்டில் போட்டுச் சாப்பிடும் சாப்பாடு பிரச்சினையே இல்லை, நடுவில் போகும் இவைதான். நேரம் வைத்து, உட்கார்ந்து, தட்டில் போட்டுச் சாப்பிடுங்கள். தசையைக் காக்கப் புரதத்தோடு எடை தூக்கும் பயிற்சியும் வேண்டும், சர்ஜன் அனுமதித்த பிறகு வாரம் இரண்டு மூன்று நாள்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு கொஞ்சம் எடை ஏறுவது மிகவும் சகஜம். ஏறிக்கொண்டே போனால் பழைய நோட்டை எடுத்து ஒரு வாரம் எழுதுங்கள், சாப்பாட்டோடு தண்ணீர் திரும்ப வந்துவிட்டதா, புரதம் குறைந்ததா, கொறிப்பு எங்கே நுழைந்தது என்று தெரியும். அதிலும் பிடிபடவில்லை என்றால் டீமைக் கூப்பிடுங்கள். இரைப்பையின் அமைப்பில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள், செமாகுளுடைட் போன்ற எடைக் குறைப்பு மருந்துகளை ஆபரேஷன் ஆனவர்களுக்கும் கொடுக்கிறார்கள். திட்டுவார்களோ என்று நினைத்து அந்த போனைத் தள்ளிப் போட்டுத்தான் நான் ஒரு வருடத்தை வீணாக்கினேன். மூன்று கிலோ ஏறும்போதே கூப்பிடுங்கள்.